பழைய ஜீப்புக்கு ஒடுக்கு எடுப்பது: எதில் தொடங்கி எதில் முடிப்பது

மலையில் ஓடிய பழைய ஜீப் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்துபவர், முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு மட்கார்டுக்கு அடியில் படுத்துவிடுவார். பள்ளத்தின் நடுவில் ஓங்கி நாலு அடி. பள்ளம் பாதி வெளியே வந்துவிடும். மறுநாள் வெயிலில் பார்த்தால் அதே இடத்தில் குட்டிக் குட்டியாக இருபது மேடு இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் தகரம் ‘டபுக்’ என்று உள்ளே போய் வெளியே வரும். என் முதல் மட்கார்டை நானும் இப்படித்தான் கெடுத்தேன். அதன் பிறகு உதவிக்கு வந்த பையன்கள் பலரும் அதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தாயிற்று. அடி தெரியாததால் அல்ல, வரிசை தெரியாததால்தான் வேலை கெடுகிறது.

கீழே உள்ளது மஹிந்திராவின் சிஜே-3பி, எம்எம் 540 போன்ற இரும்புத் தகர ஜீப்புகளுக்கானது. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதன் பாடித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. எப்போது சிவக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி விழும். ஆகவே நெருப்பு காட்டும் பகுதி உங்களுக்கு இல்லை.

1. கழற்றும் முன் அளவு எடுங்கள்

வண்டி முழுசாக நிற்கும்போதே அளக்க வேண்டும். கழற்றிவிட்டால் ஒவ்வொரு பாகமும் தனியாக நேராகத்தான் தெரியும். எது எதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்பது சேர்ந்திருக்கும்போதுதான் புரியும்.

சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி நாலு டயருக்கும் காற்றைச் சரிசெய்யுங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். சிஜே-3பி என்றால் 80 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை அங்குலம் குறைந்தால் உடனே சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இலை ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் தானாகவே நகர்ந்துவிடும். சேஸ் வேலைக்கு என்று கிளம்பிய ஒரு வண்டி, ஒரு போல்ட் மாற்றியதோடு வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து இடைவெளிகள். பானட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) நடுவே, மட்கார்டுக்கும் கிரில்லுக்கும் நடுவே, இடது வலது இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி பிரேமின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவிடுங்கள். செல்போனில் படம் எடுங்கள். ஆனால் படத்தில் மில்லிமீட்டர் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில்தான் தெரியும்.

ஒரு மட்கார்டு அடிபட்டு மற்றது நன்றாக இருந்தால், நன்றாக இருப்பதன் மேல்வளைவையும் விளிம்பையும் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பிடித்தால் கெட்ட பக்கத்துக்கு அச்சு அதுவே.

2. சாமான்கள்

அதிகம் வேண்டாம். ஆனால் இருப்பது சரியாக இருக்க வேண்டும்.

டாலி (அடிக்கும்போது தகரத்துக்குப் பின்னால் தாங்கலாகக் கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) இரண்டு: ஒன்று தட்டை முகம், ஒன்று லேசான உப்பல் முகம். ஒரு சாண் ரயில் தண்டவாளத் துண்டு கிடைத்தால் அது இரண்டுக்கும் மேல். அதன் தலைப்பகுதியின் வளைவு ஜீப் வேலைக்கென்றே செய்தது போல் இருக்கும்.

டிங்கர் சுத்தியல் ஒன்று, எடை குறைவாக, முகம் அகலமாக. ஆணி அடிக்கும் சுத்தியல் ஆகாது. முகத்தில் சின்ன வடு இருந்தாலும் ஒவ்வொரு அடிக்கும் அந்த வடு தகரத்தில் அச்சாக விழும். சுத்தியல் முகத்தையும் டாலி முகத்தையும் மெல்லிய எமரி பேப்பரில் தேய்த்து, உங்கள் முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்குங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் வேலை இதுதான்.

மரக் கொட்டாப்புளி ஒன்று. பழைய ஜீன்ஸ் காலில் மணல் நிரப்பித் தைத்த மூட்டை ஒன்று. சவுக்குக் கட்டை, பலகைத் துண்டுகள். ஒரு பாட்டில் ஜாக்கி, சங்கிலி, டர்ன்பக்கிள் (திருகினால் சங்கிலியை இழுத்து இறுக்குவது), நாலைந்து சி-கிளாம்ப். நேர்த்தகடு அல்லது நீளமான இரும்பு ஸ்கேல், நீள அரம், மார்க்கர். கேஸ் வெல்டிங் செட்டை வாங்க வேண்டியதில்லை. தேவைப்படும் நாளில் ஆளோடு கூப்பிட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடி, கையுறை, முகமூடி, காதில் அடைப்பான். காது அடைப்பான் வேண்டாம் என்பவர்கள், வாழ்நாளெல்லாம் டிங்கர் வேலை பார்த்த ஒருவரிடம் மெல்லிய குரலில் பேசிப் பாருங்கள்.

தகரத்தில் ஓட்டை போட்டுக் கொக்கி மாட்டி இழுக்கும் கருவியை வாங்காதீர்கள். காருக்கு அது தேவைப்படலாம். ஜீப்பில் அநேகமாக எல்லாத் தகரத்துக்கும் பின்பக்கம் கை போகும். போட்ட ஓட்டை ஒவ்வொன்றும் பின்னால் துருவுக்கு வாசல்.

3. நெருப்புக்கு முன் செய்ய வேண்டியவை

இந்த ஜீப்புகளில் பெட்ரோல் டேங்க் பல வண்டிகளில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அதை முதலில் இறக்கி, வேலை நடக்கும் இடத்தைவிட்டு வெகுதூரம் கொண்டுபோய் வையுங்கள். காலியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. நிறைந்த டேங்கைவிட, ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும்.

பேட்டரியைக் கழற்றுங்கள். சூடு படப்போகும் இடத்தைச் சுற்றியுள்ள வயரையும் பிரேக் பைப்பையும் அகற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளித் தண்ணீர், முடிந்தால் தீயணைப்பான்.

துருவேறிய போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அவசரத்தில் முறுக்கினால் போல்ட் உடைவது பெரிதில்லை. அது பிடித்திருக்கும் தகரம் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இல்லாத ஒடுக்கை நாமே உண்டாக்கிய கதையாகிவிடும்.

டப்பை, அதாவது ஆள் உட்காரும் தொட்டி மாதிரியான பாடியை, சேஸிலிருந்து தூக்கும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் ரப்பரோ மரத் துண்டோ வாஷரோ இருக்கும். எது எந்த இடத்தில், எத்தனை என்பதைக் குறித்து வையுங்கள்.

4. பெயிண்டையும் பழைய பட்டியையும் முழுதாக எடுங்கள்

பெயிண்டுக்கு மேலேயே தட்ட ஆரம்பிப்பது அடுத்த பெரிய தவறு. இருபது முப்பது வருட ஜீப்பில் நீங்கள் பார்ப்பது தகரம் அல்ல. ஐந்தாறு கை பெயிண்டும் அதற்குள் பள்ளத்தை மறைக்க யாரோ பூசிய பட்டியும்தான். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் கெட்டியாகப் பட்டி இருக்கிறது. பட்டியின் மேல் அடித்தால் அது உடைந்து தெறிக்கும். அடியில் இருக்கும் தகரத்தின் வடிவமும் தெரியாது.

பெயிண்ட் ரிமூவர் போதும். கிரைண்டிங் வீல் வேண்டவே வேண்டாம். 18 கேஜ் தகரம் 1.2 மில்லிமீட்டர்தான், வீல் அதில் கால்வாசியைச் சாப்பிட்டுவிடும், சூட்டில் தகரத்தை நெளியவும் வைக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பது நல்லது. குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

அடிப்பக்கத்தையும் இதே மாதிரி சுத்தம் செய்ய வேண்டும். மட்கார்டுக்கு அடியில் காய்ந்த சேறும் தாரும் அப்பியிருந்தால் டாலி தகரத்தில் உட்காராது. அடி மெத்தையில் விழுந்த மாதிரி ஆகும்.

சுத்தமானதும் கூரான குத்தூசியால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகரம் இல்லை, துருதான் இருக்கிறது. அதை நிமிர்த்த முடியாது, வெட்டி ஒட்டத்தான் வேண்டும். அந்த இடங்களை இப்போதே வேறு நிறத்தில் குறித்துவிடுங்கள்.

5. சேஸ் முதலில், டப் அடுத்தது

அழகு தெரிவது மட்கார்டிலும் பானட்டிலும் என்பதால் எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள். ஆனால் மட்கார்டு கிரில்லிலும் ஃபயர்வாலிலும் மாட்டுகிறது. ஃபயர்வால் டப்பின் பகுதி. டப் உட்காருவது சேஸில். அடி கோணலாக இருக்கும்போது மேலே நேராக்கினால், அடியைச் சரிசெய்த அன்று மேலே எல்லாம் மறுபடி கோணல்.

சேஸைப் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். சேஸை நாலு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. பிறகு சேஸை மறந்துவிட்டுத் தரையில் இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே மூலைவிட்டம் அளவிடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சரி.

ஒத்துப்போகவில்லை என்றால், சேஸை வீட்டில் நிமிர்த்த வேண்டாம். ஜாக்கியும் சங்கிலியும் அந்தப் பலத்தில் நழுவினால் ஆளை அடிக்கும். அதற்கென்று பெஞ்ச் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சேஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரும் படக்கூடாது, நெருப்பும் படக்கூடாது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

அடுத்தது டப். கதவு வெட்டு இருக்கும் இடம்தான் டப்பின் பலவீனம். மேலே பிடிமானம் எதுவும் கிடையாது. எந்த வேலைக்கும் முன்னால், வெட்டின் குறுக்கே ஆங்கிள் அயர்ன் ஒன்றை இரண்டு பக்கமும் போல்ட் போட்டோ லேசாகப் புள்ளி வெல்டிங் வைத்தோ நிறுத்துங்கள்.

அப்புறம், டப்பைத் தரையில் வைத்து நிமிர்த்தாதீர்கள். சரியான சேஸின் மேல் ஏற்றி, பழைய வாஷர்களோடு போல்ட்டை லேசாக மாட்டிவிட்டு நிமிர்த்துங்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய அச்சு அந்தச் சேஸ்தான். தரையில் வைத்து நாலு நாள் உழைத்து நேராக்கிய டப் ஒன்று, ஏற்றிப் பார்த்தபோது பின்பக்க போல்ட் துளை ஒரு விரல் தள்ளி நின்றது. நாலு நாளும் வீண்.

டப்பின் பக்கத் தகடு உள்ளே சாய்ந்திருந்தால், இரண்டு பக்கத்துக்கும் நடுவே பலகை வைத்து பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். படுக்கவைக்கும்போது ஜாக்கியின் பம்ப் பகுதி கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஏறாது. வெளியே விரிந்திருந்தால் சங்கிலியும் டர்ன்பக்கிளும். இரண்டிலும் ஜாக்கி முனையோ கொக்கியோ நேராகத் தகரத்தில் படக்கூடாது. நடுவில் மரம் வேண்டும். பலம் பரவ வேண்டும், குத்தக் கூடாது.

6. ஒடுக்கைப் படியுங்கள்

இந்த வேலையின் மூளை இங்கேதான். கையில் சுத்தியல் வேண்டாம், மார்க்கர் மட்டும்.

ஒடுக்கில் மூன்று வகைத் தகரம் இருக்கிறது. ஒன்று, நேராக அடிபட்டு மடிந்த இடம். இரண்டு, அந்த மடிப்பு தள்ளியதால் சுற்றிலும் வரப்பு மாதிரி எழும்பிய மேடு. மூன்று, இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வளைந்து நிற்கும் தகரம். மூன்றாவது வகைக்கு உண்மையில் அடியே படவில்லை. மடிப்பும் வரப்பும் விட்டுக்கொடுத்தால் அது தானாகவே பழைய இடத்துக்குத் துள்ளிப் போகும். பெரிய பள்ளத்தின் பெரும்பகுதி இந்த வகைதான். புதியவர்கள் அடித்து நீட்டிக் கெடுப்பதும் இதைத்தான்.

வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொண்டு, உள்ளங்கையை நீளவாக்கில் தடவிப் பாருங்கள். மெல்லிய துணியைக் கைக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்துத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். மடிப்புக்குக் கோடு, மேட்டுக்குப் பெருக்கல் குறி, பள்ளத்துக்கு வட்டம்.

என்னிடம் வந்த ஒரு சிஜே-3பி இடது மட்கார்டைச் சொல்கிறேன். முன் வெளிமூலை ஒரு மரத்தில் மோதிக் கீழே மடங்கியிருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் கூரான மடிப்பு. அதன் பின்னால் மேல்தகரத்தில் ஒரு பெரிய தட்டு கொள்ளும் அளவுக்குப் பள்ளம். பள்ளத்தின் பின்கரையில் வரப்பு. இன்னும் பின்னால், ஃபயர்வால் போல்ட்டுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத, கைக்கு மட்டும் தெரிந்த ஒரு உப்பல். மோதியபோது இவை உண்டானது இதே வரிசையில்: மூலை, விளிம்பு, பள்ளம், வரப்பு, உப்பல். எடுக்க வேண்டியது நேர்மாறாக. கடைசியில் வந்தது முதலில் போக வேண்டும். உப்பலும் வரப்பும் பூட்டு மாதிரி; அவை இருக்கும்வரை பள்ளத்தை எவ்வளவு தள்ளினாலும் திரும்பி வரும்.

மலைக்காட்டு ஜீப்பில் இன்னொரு வகையும் உண்டு. மட்கார்டின் மேல் வருடக்கணக்கில் ஆள் உட்கார்ந்து போய், மோதல் எதுவும் இல்லாமலே நடு இறங்கியிருக்கும். அதில் மடிப்பு இருக்காது. கவிழ்த்து மணல் மூட்டை மேல் வைத்து, அடியிலிருந்து கொட்டாப்புளியால் தட்டினாலே போதும்.

7. முதலில் இழுங்கள், அழுத்துங்கள்

அந்த மட்கார்டை அதன் இடத்திலேயே மாட்டி, போல்ட்டுகளை நன்றாக முறுக்கிவிட்டோம். பின்பக்கம் பிடிமானம் இருந்தால்தான் முன்பக்கம் இழுக்க முடியும். மூலையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விளிம்பை சி-கிளாம்ப் போட்டு, அதில் சங்கிலி மாட்டி டர்ன்பக்கிளால் மெதுவாக முன்னோக்கியும் மேல்நோக்கியும் இழுத்தோம்.

இழுவிசையைப் பிடித்து நிறுத்திய நிலையில்தான் தட்ட வேண்டும். விட்டுவிட்டுத் தட்டக் கூடாது. ஃபயர்வால் பக்க உப்பலைக் கொட்டாப்புளியால் பத்துப் பதினைந்து முறை லேசாக, பிறகு வரப்பை அதன் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி. வரப்பு பாதி அடங்கியபோது, யாரும் தொடாத பள்ளம் ‘டங்’ என்ற சத்தத்தோடு தானாக மேலே வந்தது. கூட இருந்த பையன் பயந்து பின்னால் நகர்ந்தான்.

சங்கிலியைத் தளர்த்தியதும் தகரம் கொஞ்சம் பின்வாங்கும். ஆகவே சரியான இடத்தைத் தாண்டி ஒரு நூலிழை கூடுதலாக இழுத்து, தட்டி, தளர்த்தி, அட்டை அச்சை வைத்துப் பார்த்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் கொண்டுவர நினைத்தால் மடிப்பு இருக்கும் இடத்தில் கிழியும்.

மடிப்பு கூராக இருந்தால் அந்தக் கோட்டுக்கு மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை சூடு காட்டுங்கள். கம்பியை மடக்கி மடக்கி உடைக்கிறோமே, அதே கதைதான்: ஒருமுறை மடங்கிய இரும்பு இறுகியிருக்கும், திரும்ப மடக்கினால் வெடிக்கும். சூடு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும்.

இந்தக் கட்டம் முடியும்போது முக்கால்வாசி வடிவம் வந்திருக்க வேண்டும். இரும்புச் சுத்தியல் இன்னும் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

8. சுத்தியலும் டாலியும்

இரண்டு விதமாக அடிக்கலாம், இரண்டும் வேறு வேறு வேலை.

முதல் விதம், டாலியைத் தள்ளி வைத்து அடிப்பது. அடியிலிருந்து டாலியைப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்து, மேலிருந்து பக்கத்து மேட்டின் மேல் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மேடு இறங்கும், அதே அடியில் பள்ளம் ஏறும். தகரம் நீளாது. வேலையின் பெரும்பகுதியை இப்படித்தான் முடிக்க வேண்டும்.

இரண்டாவது விதம், டாலிக்கு நேர்மேலே அடிப்பது. தகரம் இரண்டு இரும்புக்கு நடுவில் நசுங்கி, மெலிந்து, பரவும். அடி பலமாக இருந்தால் சப்பாத்தி மாவு மாதிரிதான். ஆகவே இது கடைசியில், சின்ன நெளிவுகளைச் சமப்படுத்த, மிக லேசாக.

எந்த விதத்தில் அடிக்கிறோம் என்பதைக் காது சொல்லும். டாலிக்கு நேர்மேலே விழுந்தால் கணீரென்று ஒலிக்கும். தள்ளி விழுந்தால் மந்தமான சத்தம். புதியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் பழைய தகரத் துண்டில் தட்டச் சொல்வேன். இந்த வித்தியாசம் காதில் ஏறிய பிறகுதான் மட்கார்டு.

கைப்பிடியை நுனியில், தளர்வாகப் பிடித்து மணிக்கட்டிலிருந்து அடியுங்கள். தோளிலிருந்து வரும் அடி இந்த வேலைக்குக் கிடையாது. நூறு சின்ன அடி, ஒரு பெரிய அடியைவிட நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நான் கற்றுக்கொண்ட பட்டறையில், “மேஸ்திரி, இன்னும் ஒரே ஒரு அடி” என்று கேட்டால் சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வார்.

நீள அரத்தை லேசாக, குறுக்குவாக்கில் ஓட்டினால் மேடுகள் மட்டும் பளபளக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே இருக்கும். அரம் இங்கே தேய்ப்பதற்கு அல்ல, காட்டிக்கொடுப்பதற்கு. மேடு தெரிகிறதே என்று தேய்த்துக்கொண்டே போனால் தகரம் காகிதமாகிவிடும்.

9. விளிம்பு

ஜீப் மட்கார்டின் பலமெல்லாம் கீழே மடித்துவிட்ட விளிம்பில்தான். விளிம்பு கோணலாக இருந்தால் மேல்தகரம் ஒருபோதும் நிற்காது. ஆகவே மேல்தகரத்தின் கடைசி மெருகுக்கு முன்னால் விளிம்பை முடித்துவிடுங்கள்.

ஒரு கெட்டியான இரும்புப் பட்டையின் நுனியில், ஆக்சா பிளேடால் ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். தகரம் அதற்குள் நுழைய வேண்டும். அதை விளிம்பில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நகர்த்திக்கொண்டே போகலாம். குறடால் பிடித்து முறுக்கினால் பல் தடம் விழும், அலை அலையாக ஆகும். கடைசியில் தண்டவாளத் துண்டை உள்பக்கம் கொடுத்து வெளியிலிருந்து தட்டினால் கோடு நேராகிவிடும்.

10. நீண்டுபோன தகரத்தைச் சுருக்குவது

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஓரிடம் ‘டபுக்’ என்று உள்ளே வெளியே போனால் அங்கே தகரம் நீண்டுவிட்டது. இனி அடித்தால் இன்னும் நீளும். சூடுதான் மருந்து.

நீண்ட இடத்தின் உச்சியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு மட்டும் நெருப்புக் காட்டுங்கள். செர்ரிச் சிவப்பு வரவேண்டும். சூடான இடம் விரிய நினைக்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகரம் விடாது. ஆகவே அது பக்கவாட்டில் விரிய முடியாமல் தடித்து மேலே உப்பும். நெருப்பை விலக்கி, அடியில் டாலியை வெறுமனே தாங்கலாகக் கொடுத்து, உப்பலைச் சுற்றி இரண்டு மூன்று அடி, நடுவில் ஒரு அடி. சிவப்பு மறைந்து கறுத்ததும் ஈரத் துணியை அழுத்துங்கள். ஆறும்போது தகரம் முன்பைவிடச் சுருங்கி இழுத்துக்கொள்ளும்.

ஒரு பொட்டு வைத்தால் முழுதாக ஆறவிட்டுத்தான் அடுத்தது. ஆறும் முன் பார்த்தால் இன்னும் தளர்வாகத்தான் தெரியும். அவசரப்பட்டு ஐந்தாறு பொட்டு வைத்தால், ஆறிய பிறகு தகரம் முறுக்கிக்கொண்டு சுற்றுப்புறத்தையும் இழுக்கும். பொட்டு பெரிதானாலும் இதே கதி. ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டவே கூடாது.

11. கிழிசலும் துருவும்

வெடிப்பு இருந்தால் அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெடிப்பு மேலே ஓடாமல் அங்கேயே நிற்கும். பிறகு தகரத்தை நிமிர்த்தி, அதன் பின்தான் வெல்டிங். முதலில் வெல்டிங் வைத்துவிட்டால் அந்தக் கோடு இறுகிப்போய், நிமிர்த்தும்போது பக்கத்தில் கிழியும்.

வெல்டிங்கைத் தொடர்ச்சியாக ஓட்டாமல் இங்கொரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி என்று வையுங்கள். துருப்பிடித்த இடத்தை, நல்ல தகரம் தெரியும்வரை வெட்டியெடுத்து அதே கனத் தகரம் ஒட்ட வேண்டும்.

12. பானட், கண்ணாடி பிரேம், கிரில்

கிரில்லை மட்கார்டுக்கு முன்னால் சரிசெய்யுங்கள். இரண்டு மட்கார்டும் பானட்டும் அதைப் பார்த்துத்தான் உட்காரும். ரேடியேட்டரும் ஹெட்லைட்டும் அதில்தான். கோணலாக விட்டால் இரவில் ஒரு லைட் பனைமரத்தைப் பார்க்கும்.

பானட் முறுக்கிக்கொண்டிருந்தால் அடிக்க வேண்டாம். தரையில் கவிழ்த்து, ஒரு மூலைவிட்டத்தின் இரண்டு மூலைக்கு அடியிலும் கட்டை வைத்து, மற்ற இரண்டு மூலையையும் உள்ளங்கையால் சேர்த்து அழுத்துங்கள். கொஞ்சம் அழுத்தி, கட்டையை எடுத்துப் பார்த்து, மறுபடி. பானட் சரியாக உட்காராததற்குக் காரணம் பல வண்டிகளில் கீல் தேய்ந்ததுதான். அதை முதலில் பாருங்கள்.

கண்ணாடி பிரேமைச் சமதளத்தில் படுக்கவைத்தால் நாலு மூலையும் தரையைத் தொட வேண்டும், மூலைவிட்டங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் மட்டும் ‘பரவாயில்லை’ கிடையாது. லேசாக முறுக்கிய பிரேமில் மாட்டிய கண்ணாடி, முதல் குண்டுகுழியில் மூலையிலிருந்து விரிசல் விடும்.

13. எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள், பிறகு பட்டி

பிரைமர் அடிக்கும் முன் வெறும் தகரத்தோடு எல்லாவற்றையும் ஒருமுறை மாட்ட வேண்டும். வரிசை: டப், கிரில், மட்கார்டு, பானட், கண்ணாடி பிரேம், டெயில்கேட். எல்லா போல்ட்டையும் விரலால் மாட்டி முடித்த பிறகுதான் ஸ்பேனர். முதல் போல்ட்டையே முறுக்கிவிட்டால் கடைசித் துளை சேராது. அதைச் சேர்க்க நெம்பினால் புது ஒடுக்கு. இடைவெளிகளை நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

வெறும் தகரத்தை ராத்திரி அப்படியே விடாதீர்கள். காற்றின் ஈரத்துக்கும் கைரேகைக்கும் காலையில் செம்புள்ளி வந்துவிடும். தின்னரால் துடைத்து, அன்றைக்கே எப்பாக்சி பிரைமர் அடியுங்கள். மலிவான ரெட் ஆக்சைடு மேல் கார் பட்டி பார்த்தால், அடியில் இருப்பது இளகிப் பின்னால் உரிந்து வரும்.

பட்டி 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 3 தாண்டக் கூடாது. ஜீப் போகும் பாதையில் தகரம் விடாமல் அதிரும். கெட்டியான பட்டி பாளமாக விழும். நிறைய பட்டி தேவைப்படுகிறது என்றால் எட்டாவது பகுதிக்குத் திரும்புங்கள். உப்புத்தாளைக் கையால் தேய்க்காமல் நீளமான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள், விரல் பள்ளத்தைத் தொடர்ந்துகொண்டே போகும், கட்டை போகாது.

தேய்த்து முடித்ததும் மேலே தண்ணீர் ஊற்றி, மாலை வெயில் சாயும்போது குனிந்து பாருங்கள். தண்ணீர்ப் படலத்தில் எதிர் வீட்டு ஜன்னல் கம்பி நேராகத் தெரிந்தால் பெயிண்டருக்குச் சொல்லி அனுப்பலாம். எங்காவது வளைந்தால் அந்த இடத்துக்கு மார்க்கரில் ஒரு வட்டம்.